வளர்ப்புத் தந்தையின் கடமை

பிளஸ் டூ முடிவுகள் வந்து ஜூன் பிறக்கும்போது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல வீடுகளில் ஏறக்குறைய ஒரே பேச்சு ஓடுகிறது. மகளுக்கு அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு கிடைத்திருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கிடைத்திருக்கிறது. பள்ளி ஆசிரியர் யாரேனும் சொல்லி விண்ணப்பித்திருந்தால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலிருந்தோ ஸ்ரீசிட்டியின் கிரியா பல்கலைக்கழகத்திலிருந்தோ உதவித்தொகையோடு ஓர் இடம்கூட வந்திருக்கலாம். ஹாஸ்டல் எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, பெரம்பலூரில்தான் ரயிலே கிடையாதே, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று கேள்விகள் நீளும். எல்லாமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரு கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. இன்னொரு மனிதரின் வாழ்க்கைக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு எங்கிருந்து வருகிறது? அது எந்த இடத்தில் முடிகிறது? மாதா பிதா குரு தெய்வம் என்று வரிசைப்படுத்திவிட்டதாலேயே இதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நாம் கும்பிடும் சமயங்களின் கதைகளே அந்தப் பதிலை ஏற்கவில்லை என்பது என் வாதம். பிள்ளையின் படிப்பில் பெற்றோர் காவலர்கள். தீர்ப்புச் சொல்லும் இருக்கை அவர்களுடையதன்று.

முதலில் அந்தத் தீர்ப்பு சாத்தியமா என்று பார்ப்போம். ‘எந்தக் கல்லூரி நல்லது?’ என்று கேட்கும்போது, மூன்று வருடம் கழித்து மகள் எதில் மகிழ்ச்சியாக, நிறைவாக இருப்பாள் என்று கணக்கிட முயல்கிறோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் எல்.ஏ. பால் 2014-இல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தக் கணக்கின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். சில அனுபவங்கள் அவற்றுக்குள் போகும் ஆளையே மாற்றிவிடுகின்றன. போவதற்கு முன்னால் இருக்கும் ஆளின் விருப்பங்களை வைத்துக்கொண்டு, போய்வந்த ஆளுக்கு எது பிடிக்கும் என்று கணிக்க முடியாது. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று குழந்தை பெறுவது. கல்லூரிக்கும் இது பொருந்தும், கலைப் படிப்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வெல்டிங் கற்றவன் வெல்டிங் தெரிந்தவனாகத் திரும்புவான் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வரலாறும் தத்துவமும் இலக்கியமும் படித்தவள் எதை விரும்புகிறவளாகத் திரும்புவாள் என்பதை அவளாலேயே இன்று சொல்ல முடியாது, ஏனெனில் விருப்பங்களை மாற்றுவதுதான் அந்தப் படிப்பின் வேலை. மகள் இப்போது இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல கலைக் கல்லூரியைத் தேடுகிற தந்தை, தன்னையறியாமல் ஒரு மோசமான கல்லூரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நம் பக்கத்துச் சான்று அப்துல் கலாம். 1950-களின் தொடக்கத்தில் திருச்சி வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு உரியது இயற்பியலன்று, பொறியியல் என்று உணர்ந்ததாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உயர்படிப்பில் வேறு வழிகள் இருப்பதே கல்லூரியில் சேரும்போது அவருக்குத் தெரியாது. அது தவறான தேர்வா? அந்த மூன்று நான்கு வருடங்கள் இல்லாமல் அந்த உணர்வு வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நடந்தது இவ்வளவுதான்: சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, கட்டப் பணமில்லை, அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இந்தக் கதையை மேடைகளில் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு. அந்தக் குடும்பம் முதல் கல்லூரியைச் சரியாகத் தேர்ந்ததா என்பது கடைசியில் பெரிய விஷயமாகவே ஆகவில்லை. இரண்டாவது கதவு திறந்தபோது உள்ளே போக வழி இருந்தது, அதுதான் விஷயமாயிற்று.

இனி சமயத்துக்கு வருவோம். பல வாய்ப்புகள் முன்னே வைக்கப்பட்டு ஒன்றைத் தேர்ந்த பிள்ளையின் கதை கடோபநிடதத்தில் இருக்கிறது. நசிகேதன் யமனின் வாசலில் மூன்று இரவுகள் பட்டினி கிடக்கிறான், பதிலுக்கு மூன்று வரங்கள் பெறுகிறான். மூன்றாவதாக, இறந்தபின் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று கேட்கிறான். யமன் அதைத் தவிர்க்கப் பார்க்கிறான். நீண்ட ஆயுள், பேரன் பேத்திகள், யானைகள், பொன், பரந்த நிலம் என்று அடுக்குகிறான். பையன் மசியவில்லை. நன்மை தருவது வேறு, இன்பம் தருவது வேறு, இரண்டும் மனிதன் முன் வந்து நிற்கின்றன என்ற போதனை அதன் பிறகுதான் வருகிறது. நம் சொற்பொழிவாளர்கள் இதைப் பிள்ளைகளுக்கான அறிவுரையாக மாற்றிவிட்டார்கள்: நீ கேட்பது இன்பமானது, அப்பா சொல்வது நன்மையானது. மூலக் கதையில் ஆட்கள் இடம் மாறி நிற்கிறார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. நன்மையைத் தேர்ந்தவன் பையன். கறவை வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுத்துவிட்டு, மகன் கேள்வி கேட்டதும் கோபத்தில் அவனை யமனுக்கே கொடுத்தவர் தந்தை. இன்னொன்று இதைவிட முக்கியம். மூன்று வரங்களில் நசிகேதன் முதலில் கேட்டது ஞானமன்று. நான் திரும்பிப் போகும்போது என் தந்தை கோபம் தணிந்து, என்னை அடையாளம் கண்டு வரவேற்க வேண்டும் என்பதே அவன் முதல் வரம். அதைப் பெற்ற பிறகே அவனால் மற்றக் கேள்விகளைக் கேட்க முடிகிறது. வீடு திரும்பும் வழி அடைபடாது என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து தேடும் என்று உபநிடதம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் வரங்களின் வரிசை அதைத்தான் காட்டுகிறது.

அடுத்த சான்று அரியலூர் மண்ணிலேயே கிடைக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல மாதாவைப் பாடித் திருக்காவலூர்க் கலம்பகம் செய்தவர், 1680-இல் இத்தாலியில் பிறந்து இங்கே வந்து வீரமாமுனிவரான பெஸ்கி. அவர் ஒரு சேசு சபைத் துறவி. 1599-இல் வகுத்த பாடத்திட்டத்தின்படி இலக்கணம், சொல்வன்மை, தத்துவம், இறையியல் என்ற வரிசையில் மாணவர்களைப் பயிற்றுவித்த சபை அது. இன்று ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று விளம்பரப்படுத்தப்படும் படிப்பின் பழைய வடிவம் என்று அதைச் சொல்லலாம். அப்படிப் பயின்ற ஒருவர் கொள்ளிடக் கரையில் சதுரகராதி தொகுக்கும் ஆளாக, தொன்னூல் விளக்கம் எழுதும் ஆளாக மாறுவார் என்று இத்தாலியில் எந்தப் பெற்றோரும் கணித்திருக்க முடியாது என்பது போகிற போக்கில் சொல்ல வேண்டிய செய்தி. நம் கேள்விக்கு அவருடைய தேம்பாவணிதான் வேண்டும். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட அந்தக் காப்பியத்துக்கு அவர் தேர்ந்த நாயகன் இயேசுவே என்று பலர் நினைப்பார்கள். இல்லை, நாயகன் வளன், அதாவது சூசையப்பர். கிறித்தவ நம்பிக்கைப்படி அந்தப் பிள்ளை அவருடைய குருதியில் வந்ததன்று. தன்னுடையதல்லாத ஒரு பிள்ளையைக் காத்து, கூட்டிக்கொண்டு நாடுவிட்டு நாடு போய், தச்சு வேலை செய்து வளர்த்தவர். தமிழில் எழுந்த பெருங்காப்பியங்களில் ஒரு வளர்ப்புத் தந்தையை நடுவில் நிறுத்தியது இது.

லூக்காவின் நற்செய்தியில் இந்தத் தந்தைக்கு நேர்ந்த ஒரு சங்கடம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எருசலேம் திருவிழாவிலிருந்து திரும்பும் கூட்டத்தில் இல்லை. மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். அவன் போதகர்களின் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருக்கிறான். இன்றைய சொல்லில், சொல்லாமல் கொள்ளாமல் தன் ஆசிரியர்களைத் தானே தேர்ந்துகொண்டான். தாய் கடிந்துகொள்கிறாள். அவன் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் தேடினார்கள். உன் விருப்பம் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை, மூன்று நாள் நடந்தார்கள், தங்கள் வேதனையைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிள்ளையும் அவர்களோடு கிளம்பி வந்து அவர்களுக்குப் பணிந்து நடந்தான். ஆனாலும் அவன் யாருடைய காரியமாக அங்கே இருந்தான் என்பதில் அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. வளர்ப்புத் தந்தை என்ற நிலை வளனுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்று படிக்கலாம். எல்லாத் தகப்பனுக்கும் உரிய நிலையை அவரிடம் தெளிவாகக் காணலாம் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதையே ஏற்கிறேன். பிள்ளை கடவுளுடையது என்று நம்புகிறவருக்கும், அது தனக்குத்தானே உரியது என்று நம்புகிற நாத்திகருக்கும் இந்த ஓர் இடத்தில் முடிவு ஒன்றுதான்: அது பெற்றவரின் சொத்தன்று.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது வயது. பதினேழு வயதுக்கு என்ன தெரியும்? அதிகம் தெரியாதுதான். ஆனால் பெற்றோருக்குத் தெரிந்தது அவர்கள் வாழ்ந்த உலகம். 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, பொறியியல் என்றால் வேலை என்பது பெற்றோர் தலைமுறை ஒன்றின் உறுதியான அறிவாக இருந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடந்த ஆண்டுகளிலும் அந்த அறிவு வீடுகளை விட்டு வெளியேற வெகுகாலம் பிடித்தது. அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சாட்சியமாக முன்வைக்கலாம். இந்தத் துறையில் படித்த இன்னார் இப்போது இந்த வேலையில் இருக்கிறார், இந்த விடுதியில் இந்தக் குறை இருப்பதாகக் கேள்வி, எனக்கு இந்தப் பயம் இருக்கிறது என்று சொல்லலாம். பயத்தைப் பயம் என்றே சொல்வது முக்கியம். ஊர் என்ன பேசும் என்ற அச்சத்தைப் பாடத்தின் தரம் பற்றிய கருத்துபோல உடுத்திச் சொல்வதே நம் வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், அதிகம் நடக்கிறது. மகனுக்கு வந்த கடிதத்தில் கல்லூரியின் பெயரைப் படிக்கிறவர்கள் மகளுக்கு வந்ததில் ஊரின் தூரத்தைப் படிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் பெற்றோர் தடை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அங்கீகாரமில்லாத நிறுவனம், பொய் விளம்பரம், உடலுக்கோ உயிருக்கோ தெளிவான ஆபத்து. இது காவலின் பகுதியே.

இரண்டாவது மறுப்பு பணம், இதுதான் கனமானது. மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடும் பெரம்பலூர்க் குடும்பத்திடம் போய்ப் பிள்ளையின் விருப்பத்தைப் பேசுவது சுலபம். பணம் அப்பாவுடையது, ஆகவே முடிவும் அப்பாவுடையது என்பது அவர்கள் வாதம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து வருவதில்லை. எவ்வளவு முடியும் என்ற வரம்பைப் பெற்றோர் சொல்லியே ஆக வேண்டும், கடிதங்கள் வருவதற்கு முன்பே, எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த வரம்புக்குள் தேர்வது பிள்ளை. வரம்பைச் சொல்லாமல் வைத்திருந்து, பிடிக்காத கல்லூரியின் பெயர் வந்ததும் எடுத்து நீட்டினால் அது வரம்பாக இருப்பதை விட்டு ஆயுதமாகிவிடுகிறது. இங்கே கலைக் கல்லூரிகளைப் பற்றி ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ்வரும் கல்லூரிகளில் முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம் என்று சேரும் நாளிலேயே பாதை பெரும்பாலும் முடிவாகிவிடும். கிரியா, அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் பல துறைகளைப் படித்துப் பார்த்துப் பிறகு முதன்மைப் பாடத்தை அறிவிக்கலாம். எதிர்காலத்தைத் திறந்து வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்று 1980-இல் வாதிட்ட தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் இரண்டாவதையே தேர்ந்திருப்பார் என்று தோன்றும். உதவித்தொகை முழுமையாக இருந்தால் நானும் அப்படியே சொல்வேன். இல்லையென்றால் ஆண்டுக்குப் பல லட்சம். பிணையில்லாமல் ஏழரை லட்சம் வரை கல்விக்கடன் கிடைக்கும்தான், ஆனால் பாடத்திட்டம் திறந்த கதவுகளைக் கடன் தவணை மூடிவிடும். கடனோடு வெளியே வரும் பெண் முதலில் கிடைக்கும் வேலையில் உட்கார்ந்தாக வேண்டும். அரியலூரில் குறைந்த செலவில், அரசுப் பள்ளியில் படித்தவளானால் மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் உதவியோடு, வரலாறு முடித்தவளுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ டெல்லியிலோ முதுகலைக்குப் போகக் கையில் பணமும் மனதில் துணிவும் மிஞ்சலாம். கதவு கல்லூரிக்குள்ளே திறந்திருக்கலாம், கல்லூரிக்குப் பின்னாலும் திறந்திருக்கலாம். இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுக் காட்டுவதுதான் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. போட்ட பிறகும் அவள் மற்றதைக் கேட்டால், அது வரம்புக்குள் இருந்தால், கொடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பண்பாட்டின் பெயரால் வருகிறது. தனிமனிதத் தேர்வு என்பதே மேற்கத்தியச் சரக்கு, நம்முடையது குடும்பம் என்பார்கள். மேற்கிலும் இந்த வழக்கு முடிந்துவிடவில்லை. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஆமிஷ் சமயத்தாரின் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளையின் கருத்தை யார் கேட்டீர்கள் என்று நீதிபதி டக்ளஸ் மட்டும் மறுப்பு எழுதினார். இங்கே நமக்கு நெருக்கமான உதாரணம் காந்தி. லண்டனில் படிக்க ஒருவருக்கு உதவ நண்பர் பிராண்ஜீவன் மேத்தா முன்வந்தபோது, பாரிஸ்டர் ஆக ஏங்கிய மகன் ஹரிலாலை விட்டுவிட்டு உறவினர் சகன்லாலை அனுப்பினார். அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பியதும் சோராப்ஜி அடாஜானியாவை அனுப்பினார். 1911-இல் ஹரிலால் வீட்டைவிட்டுக் கிளம்பினார், 1915-இல் தந்தைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். காந்தியின் நோக்கத்தில் சுயநலத்தின் நிழல்கூட இல்லை. பட்டத்தைவிட ஒழுக்கம் பெரிது என்ற அவர் கருத்தும் இகழத்தக்கதன்று. ஆயினும் அந்தக் கருத்தைத் தன் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, மகனின் வாழ்க்கையில் இருந்ததா என்பதே கேள்வி. உயர்ந்த நோக்கமே இந்தத் தவறுக்கு விலக்குத் தராது என்றால், சொந்தக்காரர் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்ற நோக்கம் எம்மாத்திரம்.

இதெல்லாம் கையில் இடம் வைத்திருப்பவர்களின் தத்துவம் என்று ஒருவர் கசப்போடு சொன்னால், அதை மறுக்க நான் முயல மாட்டேன். குழுமூர் அனிதா இதே அரியலூர் மாவட்டத்துப் பிள்ளை. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் பெற்று, தனக்கு வேண்டியது மருத்துவப் படிப்பு என்பதில் துளி ஐயமில்லாமல், நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017-இல் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் விஷயத்தில் குடும்பம் எதையும் தடுக்கவில்லை, தடுத்தது வெளியே இருந்தது. ஆக, பிள்ளைக்குத் தேரும் உரிமை வீட்டுக்குள் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொய். ஆனால் தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதினரில் உயர்கல்விக்குள் நுழைவோர் விகிதம் 2021–22 கணக்கெடுப்பின்படி 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் அது 28 அளவில்தான் நின்றது. பள்ளி இறுதியைத் தாண்டாத வீடுகளுக்குள்ளும் இப்போது இரண்டு மூன்று கடிதங்கள் வருகின்றன. வெளிக்கதவுக்காகப் போராடிப் பெற்றதை உள்கதவில் பறிகொடுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

கடைசியாக மிஞ்சுவது பொறுப்பு. முடிவு அவளுடையது, ஆனால் கெட்டுப்போனால் சுமப்பது நாங்கள்தானே என்பார்கள். சுமக்கிறவருக்கே முடிவெடுக்கும் உரிமை என்ற கோட்பாடு இதில் ஒளிந்திருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை, அன்றைய மழையை அவர் பெய்விக்கவில்லை, அந்த வண்டியை அவர் செலுத்தவில்லை. விபத்துக்கு அவர் காரணம் என்பதால் விலகலை ஏற்கவில்லை, அது ஒரு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். தன் கையில் இல்லாத ஒன்றின் விளைவை ஒருவர் தன்மேல் ஏற்றுக்கொள்ள முடியும், அதற்கு முன்கூட்டி அதிகாரம் கையில் இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டாம். முதல் பருவத்தில் இரண்டு தாளில் தோற்று, விடுதி பிடிக்காமல், எடுத்த பாடம் தனக்கானதன்று என்று மகள் டிசம்பரில் திரும்பி வந்தால் அந்த ஆண்டுக் கட்டணம் போனது போனதுதான். அப்போது அது யார் எடுத்த முடிவு என்று விசாரிப்பதால் திரும்பி வரும் தொகை ஏதுமில்லை. அரசுக் கல்லூரி விண்ணப்பம் அடுத்த கோடையில் மறுபடி வரும். அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் வீட்டில் யாரும் அவளிடம் பழைய கணக்கை எடுக்காமலிருந்தால், இந்த முறை எதை நிரப்புவது என்பதைப் போன முறையைவிட அதிகம் தெரிந்த ஒருத்தி நிரப்புவாள்.